ஊசிப்பல்

தை அறுவடை முடிந்து களத்துமேட்டில் வைக்கோல் போர் எழும்பிவிட்டால், வலங்கைமான் சுற்றுவட்டாரத்துத் தெருநாய்களுக்குப் பிரசவ வார்டு தயார். மாடு இழுத்துத் தின்ற பக்கமாகப் போரின் அடியில் ஒரு குகை விழுந்திருக்கும். பனி இறங்காது, காற்று அடிக்காது, உள்ளே எப்போதும் கதகதப்பு. குடமுருட்டிக் கரையோரம் என் அத்தை வீட்டுக் கொல்லையில் அப்படியொரு போருக்குள் ஒரு செவலை நாய் ஐந்து குட்டிகள் போட்டது. கண் திறந்து, தள்ளாடி நடந்து, ஒன்றன்மேல் ஒன்று உருளத் தொடங்கிய ஐந்தாவது வாரத்தில், அத்தை அவற்றில் ஒன்றைத் தூக்கிவந்து திண்ணையில் விட்டார். மணி என்று பெயர் வைத்தார். எட்டாம் நாள் எனக்கு போன் வந்தது.

“தம்பி, நீதான் நாய் நரின்னு என்னமோ எழுதிக்கிட்டே இருக்கியே. இது கையை வைக்க விடமாட்டேங்குதுப்பா. வெறி கிறி பிடிச்சிருக்குமோ?”

போய்ப் பார்த்தேன். அத்தையின் இரு கைகளிலும் முழங்கை வரை சிவப்புக் கோடுகள். புடவை முந்தானை சல்லடையாகியிருந்தது. ஏழு வயதுப் பேரன், கூடம் முழுக்க வெள்ளம் நிற்பதுபோல ஊஞ்சலில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். குற்றவாளியோ துளசி மாடத்து நிழலில் மல்லாந்து தூங்கிக்கொண்டிருந்தது.

நாயின் மனத்தைப் பற்றி விளக்கம் சொல்லத்தான் போயிருந்தேன். ஆனால் முதலில் கேட்ட கேள்வி வேறு: “அத்தை, ஊசி போட்டீங்களா?”

“பால்குடி மறக்காத குட்டிதானே? மஞ்சள் வெச்சேன். அப்புறம் அந்தப் பதினாலு ஊசியை எவ போட்டுக்கிறது, தொப்புளைச் சுத்தி?”

அத்தை பயந்த ஊசி இப்போது உலகத்திலேயே ஏறக்குறைய இல்லை. 1911ஆம் ஆண்டு கசௌலியில் டேவிட் செம்பிள் உருவாக்கிய தடுப்பு மருந்து அது. ஆட்டின் மூளையில் வெறிநாய்க்கடி வைரஸை வளர்த்து, ஃபீனால் கலந்து கொன்று, அந்த மூளைக் கரைசலையே வயிற்றில் நாள்தோறும் ஏற்றினார்கள். தென்னாட்டில் 1907இல் தொடங்கிய குன்னூர் பாஸ்டர் நிறுவனமும் நெடுங்காலம் ஆட்டு மூளை மருந்தைத்தான் தயாரித்தது. எத்தனையோ உயிர்களைக் காத்த மருந்துதான். ஆனால் வலி அதிகம், சிலருக்கு அந்த மூளைச் சரக்கே நரம்பு மண்டலத்தைத் தாக்கவும் செய்தது. 2004ஆம் ஆண்டு முடிவோடு இந்தியா அதைக் கைவிட்டது. இப்போது ஆரம்ப சுகாதார நிலையத்தில் போடுவது இரண்டு மேற்கைகளிலும் தோலுக்குள் துளித்துளியாகப் போடும் ஊசி: முதல் நாள், பிறகு 3, 7, 28ஆம் நாட்கள். மருந்து மாறி இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகியும் தொப்புள் ஊசி என்ற கதை மட்டும் நம் வீடுகளில் உயிரோடு இருக்கிறது. எத்தனை பேரை அது ஆஸ்பத்திரிப் பக்கம் போகவிடாமல் தடுத்திருக்கும் என்று நினைத்தால் கோபம் வருகிறது.

குட்டிதானே என்பதும் தவறு. வைரஸ் எச்சிலில் வருகிறது. பல்லின் வயதை அது விசாரிப்பதில்லை. தாய் நாய்க்கு ஊசி போட்டவர் யாரும் இல்லை. குட்டிக்கு முதல் வெறிநோய்த் தடுப்பூசி போடும் வயதோ மூன்று மாதம். ஆகவே கீறல் பட்டால் குழாயைத் திறந்து வைத்துச் சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் கழுவ வேண்டும், பிறகு நேராக ஊசிக்குப் போக வேண்டும். ரத்தம் வராத சிராய்ப்புக்கே தடுப்பூசி தேவை என்கிறது உலக சுகாதார நிறுவனம். தோல் துளைபட்டிருந்தால் காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலினும் சேர்த்துப் போட வேண்டும். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்த்தூள் எதுவும் வேண்டாம். அன்று மதியமே அத்தையையும் பேரனையும் வண்டியில் ஏற்றி ஊசி போட்டுக் கூட்டிவந்த பிறகுதான் மணியைப் பற்றிப் பேசவே ஆரம்பித்தோம்.

வலங்கைமான் நாவுக்குப் பெயர்போன ஊர். ‘வெள்ளி நாக்கு’ சீனிவாச சாஸ்திரி 1869இல் பிறந்தது இங்கேதான். அந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு நான் பல்லைப் பற்றி எழுதுகிறேன்.

நாய்க்குட்டி பிறக்கும்போது பொக்கை வாய். மூன்றாவது வாரத்தில் ஈற்றைக் கிழித்துக்கொண்டு பால்பற்கள் எட்டிப் பார்க்கும். இரண்டு மாதம் நிறைவதற்குள் 28 பற்களும் வந்துவிடும்: 12 வெட்டுப்பற்கள், 4 கோரைப்பற்கள், 12 முன்கடைவாய்ப்பற்கள். மனிதக் குழந்தைக்குப் பால்பல் 20தான். நான்காவது மாத வாக்கில் இவை விழத் தொடங்கி, ஏழு மாதத்துக்குள் 42 நிரந்தரப் பற்கள் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். ஆக, இந்த ஊசிப்பற்களின் ஆயுள் மூன்று நான்கு மாதம். அதற்குள் விழப்போகிற ஒரு பல்லுக்கு இத்தனை கூர்மை எதற்கு?

பெரிய நாயின் கோரைப்பல்லைத் தடவிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அதன் நுனி மழுங்கல். குட்டியின் பல்தான் தையல் ஊசி. இரை பிடிக்க என்று சொல்ல முடியாது. அந்த வயதில் அது தாய் கக்கிக் கொடுப்பதையும் பாலையும் தின்கிறது. தாடையில் வலுவும் இல்லை. தாடையை மூடும் தசைகள் மண்டையோட்டில் பிடித்துக்கொள்ளும் இடமே இன்னும் வளரவில்லை. வலுவில்லாத தாடை, ஊசி போன்ற பல். இந்தச் சேர்க்கையால் கடித்தால் வலிக்கும், ஆனால் எலும்பு நொறுங்காது. அதே அழுத்தம் மழுங்கிய பல்லில் பட்டிருந்தால் கடிபட்டவனுக்கு உறைத்தே இருக்காது. கடுகளவு பரப்பில் இறங்குவதால்தான் சுரீரென்கிறது.

இயன் டன்பர் என்கிற கால்நடை மருத்துவர், இங்கிலாந்தில் பிறந்து அமெரிக்காவில் குட்டிகளுக்குப் பள்ளி நடத்தியவர், இதற்கொரு விளக்கம் சொல்கிறார். குட்டி கடிக்க வேண்டும் என்பதற்காகவே அந்தப் பல் அவ்வளவு கூராக இருக்கிறது என்பது அவர் வாதம். தாடை பலவீனமாக இருக்கும்போதே ‘இவ்வளவு அழுத்தினால் எதிராளிக்கு வலிக்கும்’ என்ற பாடம் ஏறிவிட வேண்டும். தாடை முற்றிய பிறகு அந்தப் பாடத்தைக் கற்றால் அதற்குக் கொடுக்கும் விலை ரத்தம். பரிணாமம் இப்படித் திட்டம் போட்டுத்தான் செய்ததா என்று நிரூபிப்பது கடினம். எனக்கு அந்த வாதத்தில் ‘என்பதற்காகவே’ என்ற சொல்மேல் கொஞ்சம் சந்தேகம் உண்டு. ஆனால் பாடம் நடப்பது உண்மை. வைக்கோல் போருக்கு எதிரே ஒரு முக்காலியைப் போட்டுக்கொண்டு அரை மணி நேரம் உட்கார்ந்தால் யாரும் கண்ணாரப் பார்க்கலாம்.

நான் உட்கார்ந்தேன். மணியின் உடன்பிறப்புகள் நாலும் அங்கேதான் இருந்தன. ஒரு வெள்ளைக் குட்டி, கறுப்புக் காதுள்ள தன் தங்கையின் காதைக் கவ்வி இழுத்தது. தங்கை பொறுத்துக்கொண்டு அதன் முன்னங்காலைக் கவ்வியது. உருண்டன. வெள்ளை கொஞ்சம் அழுத்திவிட்டது போலும். ‘கீச்’ என்றொரு சத்தம், கறுப்புக் காது விலகிப் போய் வைக்கோலைக் கொறிக்க ஆரம்பித்தது. வெள்ளைக்கு ஆட்டம் அந்த நொடியில் அற்றுப்போனது. அது நின்று பார்த்தது. பிறகு முன்னங்கால்களைத் தரையில் பரப்பி, மார்பைத் தாழ்த்தி, பிட்டத்தைத் தூக்கி வாலை ஆட்டியது. வா, விளையாடலாம் என்ற அழைப்பு அது. அமெரிக்க விலங்கியலாளர் மார்க் பெக்காஃப் நாய், ஓநாய், கொயோட்டிக் குட்டிகளின் விளையாட்டைப் படம் பிடித்து, சட்டம் சட்டமாக ஓட்டிப் பார்த்து 1995இல் ஒரு கட்டுரை எழுதினார். இந்தக் கும்பிடு கண்ட கண்ட இடத்தில் வருவதில்லை. கவ்வித் தலையை உதறுவது போன்ற, சண்டை என்று தப்பாக எடுத்துக்கொள்ளக்கூடிய கடிக்கு முன்னும் பின்னும்தான் நிறைய வருகிறது. ‘இப்ப நான் செஞ்சதும் செய்யப்போறதும் விளையாட்டுக்குத்தான்’ என்று அடிக்குறிப்பு போடுவது மாதிரி.

கறுப்புக் காது திரும்பி வந்தது. இந்த முறை வெள்ளை கவ்வியது பூப் போல இருந்தது.

இதில் மூன்று செய்திகள் குட்டியின் மூளைக்குள் சேர்ந்து போகின்றன. பல்லின் வேரைச் சுற்றியுள்ள சவ்வில் அழுத்தம் உணரும் நரம்பு முனைகள் இருக்கின்றன. ‘இவ்வளவு அழுத்தினாய்’ என்று அவை சொல்கின்றன. காது ‘கீச்’ கேட்கிறது. கண் ஆட்டம் நின்றுபோனதைப் பார்க்கிறது. ஒரு நாளில் இது எத்தனையோ தடவை. நாம் சோறு பிசையும்போது கை எவ்வளவு அழுத்த வேண்டும் என்று யோசிப்பதில்லை அல்லவா, அதுபோல ஓரிரு மாதத்தில் அழுத்தத்தின் அளவு தாடைக்கே தெரிந்துவிடுகிறது.

தாயும் சும்மா இருப்பதில்லை. ஊசிப்பல் முலைக்காம்பில் பட்டதும் எழுந்து போய்விடுவாள். பின்தொடரும் குட்டியை உறுமி, மூக்கைத் தன் வாயால் மெல்லப் பொத்தி எடுப்பாள். சில இடங்களில் பாட்டியும் உண்டு. கொல்கத்தா இந்திய அறிவியல் கல்வி ஆராய்ச்சி நிறுவனத்தில் அனிந்திதா பத்ராவும் அவர் மாணவர்களும் தெருநாய்களை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்து வருகிறார்கள். மகளின் குட்டிகளைப் பாட்டி நாய் பராமரித்ததை 2014இல் பதிவு செய்தது அந்தக் குழு. அதே குழு 95 ஈற்றுகளில் 364 குட்டிகளைக் கவனித்ததில், ஏழு மாதம் வரை பிழைத்தவை 100க்கு 19தான். இறப்புகளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குக்கு ஏதோ ஒரு வகையில் காரணம் மனிதர்கள். அத்தையைக் குறை சொல்ல வரும்போதெல்லாம் இந்தக் கணக்கு என் நாக்கைப் பிடித்து இழுக்கிறது. அவர் தூக்கி வந்திராவிட்டால் சாலையோரம் போயிருக்கக்கூடிய உயிர் அது.

ஆனால் மூன்று வாரம் முன்னதாகத் தூக்கிவிட்டார். தஞ்சைப் பக்கம் இது ஊர் வழக்கம். கண் திறந்து ஓடியாடினால் குட்டி ‘ஆகிவிட்டது’ என்று கணக்கு. சின்னதாக எடுத்தால்தான் ஒட்டும் என்பார்கள். இதில் பாதி உண்மை. அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் பார் ஹார்பர் என்ற ஊரிலுள்ள ஜாக்சன் ஆய்வகத்தில் ஸ்காட், ஃபுல்லர் இருவரும் நாய்க்குட்டிகளின் வளர்ச்சியைப் பல ஆண்டு ஆராய்ந்தார்கள். 1961இல் அங்கிருந்து வந்த ஒரு சோதனையில், வேலியிட்ட வயலில் மனித வாசமே படாமல் 14 வாரம் வளர்ந்த குட்டிகள் பிறகு காட்டு விலங்குபோல மனிதரைக் கண்டு ஓடின. மூன்றாவது வாரத்திலிருந்து பன்னிரண்டு வாரம் வரையான ஜன்னல் அது. அதற்குள் பார்த்ததும் கேட்டதும் நாய்க்கு ‘நம்முடையது’. வலங்கைமான் வெடி செய்யும் ஊர், கார்த்திகை வந்தாலும் கல்யாணம் வந்தாலும் இங்கே சத்தத்துக்குப் பஞ்சமில்லை. அந்த வயதில் தாயின் வயிற்றோடு ஒட்டிப் படுத்துக்கொண்டு கேட்ட சத்தம் பிற்காலத்தில் அவ்வளவு மிரட்டாது.

மீதிப் பாதி என்னவென்றால், மனிதரைக் கற்கும் அதே வாரங்கள்தான் நாயைக் கற்கும் வாரங்களும். இத்தாலியில் 140 வளர்ப்பு நாய்களை ஒப்பிட்ட ஆய்வொன்று 2011இல் வந்தது. பாதி, 30 முதல் 40 நாளுக்குள் உடன்பிறப்புகளை விட்டுப் பிரிந்தவை; பாதி இரண்டு மாதம் இருந்தவை. முன்னதாகப் பிரிந்தவற்றில்தான் ஓயாத குரைப்பு, பயம், பொருளை விடாமல் காப்பது, விளையாட்டாகக் கடிப்பது ஆகியவை அதிகம் என்று உரிமையாளர்கள் சொன்னார்கள். நம் நாட்டில் 2017ஆம் ஆண்டு வந்த நாய் வளர்ப்பு விற்பனை விதிகளும் எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது என்கின்றன. வைக்கோல் போருக்கு அந்த விதி எட்டாது.

ஆகவே மணிக்கு வெறியும் இல்லை, கெட்ட குணமும் இல்லை. பாதிப் பாடத்தில் பள்ளியிலிருந்து பிடுங்கி வரப்பட்ட பிள்ளை அது. உடன்பிறப்பின் காதுக்குப் பதில் அத்தையின் கை கிடைத்தது. நாயின் காதுக்கு ரோமமும் தடித்த தோலும் உண்டு, அறுபத்தெட்டு வயதுக் கைக்கு இரண்டும் இல்லை.

இனிமேல் அந்த ஆசிரியர் வேலையை மனிதன் செய்ய வேண்டும். டன்பர் சொல்லும் வழி நம் இயல்புக்கு நேர்மாறானது. கடிக்காதே என்று முதல் நாளே தடுக்காதே. முதலில் அழுத்தத்தைக் குறை, பிறகு எண்ணிக்கையைக் குறை என்கிறார். குட்டி வாய் வைக்கட்டும். வலித்ததும் ‘ஆ’ என்று சொல்லிக் கையைத் தளரவிட்டு, எழுந்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு அரை நிமிடம் போய்விடு. கறுப்புக் காது செய்தது அதுதான். வலிக்காத கடியைக் கண்டுகொள்ளாதே. ஒரு வாரம் கழித்து, கொஞ்சம் அழுத்தினாலும் ‘ஆ’. அடுத்த வாரம் இன்னும் கொஞ்சம். கடைசியாகத்தான் வாய் வைப்பதையே நிறுத்தும் பாடம்.

காரணமும் நியாயமானது. வாயே வைக்காமல் வளர்ந்த நாய் தன் தாடையின் பலத்தை அறியாது. நள்ளிரவில் அதன் வாலை யாரோ மிதித்தால் எந்த நாயும் திரும்பி வாயைப் போடும். பழகிய தாடை தோலைத் தொட்டு நிற்கும், பழகாத தாடை எலும்பு வரை போகும். கடியின் கடுமையை அளக்க டன்பர் வைத்த ஆறு படிக் கணக்கில் முன்னது இரண்டாம் படி, பின்னது நாலாம் படி. இரண்டு நாயும் பயந்தவைதான். குணத்தில் வித்தியாசம் இல்லை, குட்டிப் பருவத்துப் பயிற்சியில்தான்.

இதை அத்தையிடம் சொல்லும்போதே எனக்குள் ஒரு முரண் தட்டியது. தடுப்பூசி போட்ட தாய்க்குப் பிறந்த, பதிவேட்டில் பெயருள்ள குட்டிக்கு எழுதிய பாடம் இது. அங்கே தோலைத் தொட்டு நின்ற பல் ‘நல்ல கடி’. இங்கே அதே சிராய்ப்புக்கு நாலு தவணை ஊசி. நாயின் நடத்தையை அளப்பவர் கையில் ஒரு அளவுகோல், நோயை அளப்பவர் கையில் வேறொரு அளவுகோல். மூன்று மாதம் ஆகாத, ஊசி போடாத தெருக்குட்டியை வைத்துக்கொண்டு, வாய் வைக்கட்டும் விடு என்று வலங்கைமானில் ஒருவருக்கு அறிவுரை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அதிலும் அத்தைக்குச் சர்க்கரை வேறு, புண் ஆறாது.

எனவே வேறு வழி தேடினோம். வழி கொல்லையிலேயே இருந்தது. காலையில் இரண்டு மணி நேரம், மாலையில் இரண்டு மணி நேரம் மணியைத் திரும்ப வைக்கோல் போருக்கே அனுப்பினோம். விடுதியிலிருந்து வந்த பையன் டே ஸ்காலராகச் சேர்ந்ததுபோல. முதல் நாள் அது காட்டுமிராண்டி. கவ்வினால் விடவில்லை. அண்ணன் தம்பி எல்லாம் அதை விட்டுவிட்டுத் தமக்குள் விளையாடின. ஓரமாக உட்கார்ந்து அது ஊளையிட்டதைக் கேட்டு அத்தைக்குக் கண்ணில் தண்ணீர். நாலாம் நாள் கறுப்புக் காது அதைச் சேர்த்துக்கொண்டது. இரண்டு வாரத்தில் எனக்கே வித்தியாசம் தெரிந்தது. இயற்கை இலவசமாக நடத்தும் வகுப்புக்கு மனிதன் நடத்தும் டியூஷன் ஈடாகாது. உடன்பிறப்புகள் கிடைக்காத வீட்டுக்குத்தான் அந்த டியூஷன்.

வீட்டில் செய்ததும் கொஞ்சம் உண்டு. கை விளையாட்டுப் பொருள் இல்லை என்று வைத்தோம். பழைய துண்டை நனைத்து, முறுக்கி முடிச்சுப் போட்டு, ஃப்ரீசரில் வைத்து எடுத்தால் ஊறும் ஈற்றுக்கு அது சுகம். கடினமான கேரட்டும் ஆகும். வேகவைத்த கோழி எலும்பு ஆகாது, சிம்பு சிம்பாக உடைந்து தொண்டையில் குத்தும். குட்டி கையை நோக்கி வந்தால் துண்டு அதன் வாய்க்குப் போகும், பல் கையில் பட்டுவிட்டால் ஆள் கூடத்தை விட்டுப் போவார். பேரனுக்கு ஒரே வேலை: ஓடக் கூடாது. ஓடுகிற காலைத் துரத்தாத நாய்க்குட்டியை நான் இன்னும் பார்க்கவில்லை. கையைக் கட்டிக்கொண்டு ‘மரமாக’ நிற்கச் சொன்னோம். அவனுக்கு அது பிடித்துப்போய் நாள் முழுக்க மரமாக நின்றான். சாயங்கால வேளைகளில் மணிக்குப் பேய் பிடித்ததுபோல் ஆகும். அது பெரும்பாலும் தூக்கம் போதாத ஆட்டம், கைக்குழந்தை அழுவது மாதிரி. கொட்டகையில் கோணியை விரித்துப் படுக்கவைத்தால் ஐந்தே நிமிடத்தில் அடங்கியது.

மூன்றாவது நாள் குட்டி முன்னைவிட மோசமாகக் கடித்தது. “நீ சொன்னதெல்லாம் வீண்” என்றார் அத்தை. இது எதிர்பார்த்ததுதான். இதுவரை வேலை செய்த ஒன்று திடீரென வேலை செய்யாவிட்டால், கைவிடுவதற்கு முன் யாரும் ஒருமுறை பலம்கொண்டு முயன்று பார்ப்பார்கள். தண்ணீர் வராத அடிபம்பை நாம் விட்டுவிட்டா போகிறோம்? நாலு அடி ஓங்கி அடிப்போம். அந்த நாலாவது அடியில் தண்ணீர் வந்துவிட்டால், ஓங்கி அடித்தால் வரும் என்பதே பாடமாகிவிடும்.

எங்கள் வீட்டில் அந்தத் தண்ணீர் மாமா. எல்லோரும் முகத்தைத் திருப்பிக்கொள்ள, அவர் மட்டும் திண்ணையில் உட்கார்ந்து யாரும் பார்க்காதபோது விரலை ஆட்டி ஆட்டி மணியைக் கவ்வவிட்டுக்கொண்டிருந்தார். “சின்னதுதானே, ஆசையா வருது” என்றார். ஸ்கின்னரும் ஃபெர்ஸ்டரும் புறாக்களை வைத்துப் பல ஆண்டு செய்த சோதனைகளை 1957இல் தடித்த நூலாக வெளியிட்டார்கள். ஒவ்வொரு தடவையும் தீனி கிடைத்த பழக்கம், தீனி நின்றால் சீக்கிரம் மறைந்துவிடும். எப்போதாவது, எப்போது என்று தெரியாமல் கிடைத்த பழக்கம் லேசில் சாகாது. நம்மூரில் 2003இல் லாட்டரிச் சீட்டு தடை ஆகும்வரை மாமா வாரம் தவறாமல் வாங்கியவர். அவருக்கு அந்தப் புறாவைப் புரியவைப்பது எளிதாக இருந்தது. விரல் ஆட்டுவதை விட்டார், முழுக்க இல்லாவிட்டாலும்.

அக்கம்பக்கத்து யோசனைகள் வேறு வகை. மூக்கில் ஒரு போடு போடு. வாயை இறுக்கிப் பிடி. கவிழ்த்துப் போட்டு அமுக்கு, யார் எசமான் என்று தெரியட்டும். கடைசியாகச் சொன்னதற்கு ஒரு வரலாறு உண்டு. 1947இல் ருடால்ஃப் ஷெங்கல், பாஸல் மிருகக்காட்சிச் சாலையில் சேர்த்து அடைக்கப்பட்ட ஓநாய்கள் தலைமைக்குச் சண்டையிடுவதைப் பார்த்து எழுதினார். 1970இல் டேவிட் மெக் எழுதிய ஓநாய் நூல் அதைப் பரப்பியது. பிறகு காட்டில் பல பருவம் ஓநாய்களோடு கிடந்த அதே மெக், 1999இல் தன் கருத்தைத் தானே திருத்தினார்: காட்டு ஓநாய்க் கூட்டம் என்பது அப்பா, அம்மா, பிள்ளைகள், அவ்வளவுதான். ஜெயிலுக்குள் பார்த்ததை வைத்துக் குடும்பத்தை எடைபோட்ட கதை. திருத்தம் வந்தும் பழைய பதிப்புதான் ஊரெல்லாம் உலவுகிறது, தொப்புள் ஊசியைப் போலவே. அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் நாய் உரிமையாளர்களிடம் கேட்டு 2009இல் வெளியிட்ட ஆய்வில், நாயை அடித்தோ உதைத்தோ பார்த்தவர்களில் 100க்கு 43 பேரிடம் அது பதிலுக்குச் சீறியது. கவிழ்த்து அமுக்கியவர்களில் 31 பேரிடம். அடி வாங்கிய குட்டி ‘மெதுவாகக் கடி’ என்பதைக் கற்பதில்லை. கை வந்தால் வலி வரும் என்பதைக் கற்கிறது. உறுமினால் அடி விழும் என்று தெரிந்த நாய் உறுமுவதை நிறுத்திவிட்டு, எச்சரிக்காமல் கடிக்கிற நாயாகும். ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரி நம் மாவட்டத்துப் பக்கத்திலேயே இருக்கிறது. அடிக்குமுன் அங்கே ஒரு நடை போய்க் கேட்பது நல்லது.

எல்லாக் கடியும் விளையாட்டுக் கடி அல்ல என்பதையும் சொல்லியாக வேண்டும். அறுவடை முடிந்த வயலில் வாத்து மேய்ப்பவர்கள் நூற்றுக்கணக்கில் வாத்துகளை இறக்குவார்கள். மூன்றாம் மாதத்தில் மணி அந்த மந்தையைப் பார்த்து உடம்பைத் தாழ்த்தி, அசையாமல் நின்றது. அங்கே கும்பிடும் இல்லை, வாலாட்டலும் இல்லை. அது வேட்டை. மூளையில் வேறு பாதை அது. அத்தையின் கையில் மெல்லக் கவ்வக் கற்றது வாத்தின் கழுத்துக்குச் செல்லாது. அதற்கு மருந்து கயிறுதான். வாத்துக்காரரிடம் வாங்கிய வசவு மாமாவுக்கு இன்னும் மறக்கவில்லை.

நம் முன்னோருக்குக் கடிக்கும் நாய் பிடிக்காது என்று யாரும் நினைக்க வேண்டாம். திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் மகேந்திரவர்ம பல்லவனின் 34ஆம் ஆட்சியாண்டு, அதாவது ஏழாம் நூற்றாண்டு, நடுகல் ஒன்று உண்டு. எருமைகளைக் காத்துச் செத்த வீரனுக்கு எடுத்த கல்லில் அவனுக்குப் பக்கத்தில் நாயும் நிற்கிறது. கோவிவன் என்று அதன் பெயரும், இரண்டு கள்ளரைக் கடித்துக் காத்து நின்ற செய்தியும் கல்லில் வெட்டப்பட்டிருக்கின்றன. ஆயிரத்து முந்நூறு ஆண்டுக்கு மேலாகியும் நமக்குப் பெயர் தெரிந்த நாய். பட்டிக்குள் ஓடியாடிய பிள்ளைகளை அது கடித்திருந்தால் கல் எடுத்திருக்க மாட்டார்கள் என்பது என் ஊகம். கடிக்கத் தெரிந்த வாயை யாரிடம் எவ்வளவு திறப்பது என்பதையும் அது எங்கோ ஒரு வைக்கோலிலோ புதரிலோ தன் உடன்பிறப்புகளிடம்தான் கற்றிருக்கும்.

மூன்று மாதம் நிறைந்ததும் மணிக்கு வெறிநோய்த் தடுப்பூசி போட்டோம், ஒரு மாதம் கழித்து இன்னொன்று. உடன்பிறப்புகளில் இரண்டை ஊரார் கொண்டுபோனார்கள். வெள்ளை ஒருநாள் காணாமல் போயிற்று. கறுப்புக் காது மட்டும் கொல்லையோடு தங்கிவிட்டது.

ஆடிப்பெருக்குக்கு நான் போயிருந்தபோது மணிக்கு ஆறு மாதம். குடமுருட்டியில் தண்ணீர் வந்திருந்தது. பேரன் அதன் வாயைத் திறந்து புதுக் கோரைப்பல்லை எனக்குக் காட்டினான். அவன் கை முழுவதும் வாய்க்குள், மணி தாடையை அப்படியே தொங்கவிட்டுக்கொண்டு அவன் முடிக்கக் காத்திருந்தது. குட்டிகள் விழும் பால்பல்லைப் பெரும்பாலும் விழுங்கிவிடும், கையில் கிடைப்பது அபூர்வம். அவனுக்கு ஒன்று கிடைத்திருந்தது, போன மாதம், நனைத்த துண்டின் முடிச்சில் சிக்கி. அரிசியைவிடக் கொஞ்சம் பெரியது.

எங்கே, காட்டு என்றேன்.

“சாணியில உருட்டிக் கூரை மேல எறிஞ்சாச்சு” என்றான். “பாட்டிதான் சொன்னாங்க. இல்லாட்டி அடுத்த பல் கோணலா முளைக்குமாம்.”

மணிக்குப் பல் வரிசையாகத்தான் இருந்தது.